போர் மோட்டாரை விட்டுவிட்ட கணக்கு

மார்ச் 17, திங்கள்

கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் அருள்மணி காலையிலேயே வந்துவிட்டார். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை வெயில், தேங்காய் விலை என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். ஏப்ரல் முடிவதற்குள் சரியான ஜெனரேட்டர் போட்டுக் காட்டினால் கோழிக்குஞ்சு இறக்குவார்களாம். இல்லையென்றால் எங்கள் ஷெட்டுக்கு இனிமேல் குஞ்சே கிடையாதாம்.

"போன தடவ மாதிரி செகண்ட் ஹேண்டெல்லாம் வேண்டாங்க்கா. மேல ஒத்துக்க மாட்டாங்க."

இதை வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்குக் கேட்காமலா இருக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிச்சக் காபியை அந்த ஆள் தலையில் ஊற்றியிருப்பேன். குஞ்சு வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

எங்களுடையது மூடின ஷெட். கிழக்குப் பக்கம் தண்ணீர் ஊறுகிற கூலிங் பேட், மேற்குப் பக்கம் ஆளுயர ஃபேன்கள். ஃபேன் ஓடினால் கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்து மேற்கே வெளியேறும். நின்றுவிட்டால் அவ்வளவுதான். கோடை வெயிலில் அரை மணி நேரம்கூடக் கோழி தாங்காது. போன மே மாதம் கரண்ட் போனபோது, இவர் நாலு ஊர் அலைந்து வாங்கிவந்த பழைய ஜெனரேட்டர் இழுக்க முடியாமல் நின்றது. ஒரு ஷெட் கோழி. குழி தோண்ட ஜேசிபி வந்தது.

அன்றிலிருந்து இவர் ஷெட் பக்கம் போவதில்லை. கேட்டால் தலைவலி என்கிறார். பத்து மாதமாக என்ன தலைவலியோ.

தென்னைக்கு அடிக்கிற பூச்சிமருந்து வைத்திருக்கும் ரூமுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. உள்ளே எலி போகிறது என்று மாமாவிடம், என் மாமனாரிடம், சொன்னேன். அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 20, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து ஜெனரேட்டர் கம்பெனிக்காரர் ரியாஸ் போன் செய்தார். நல்ல பேச்சு. "அக்கா, ஷெட்டுல என்னென்ன மோட்டார் ஓடுது, ஒவ்வொண்ணும் எத்தனை ஹெச்.பி., எல்லாம் எழுதி அனுப்புங்க. அதை வெச்சுத்தான் எத்தனை கே.வி.ஏ. மெஷின் வேணும்னு சொல்ல முடியும்" என்றார்.

பணத்துக்கு வழி பண்ணியாகிவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 22, சனி

இவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். ஹாலில் காற்று வருவதில்லை, அதனால்தான். எனக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிற பழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

"ஃபேன் பத்து, ஒண்ணரை ஹெச்.பி. பேட் மோட்டார் ரெண்டு. தீவன மோட்டார் நாலு. லைட்டு. அவ்வளவுதான். கூட்டினா…"

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நான் இரண்டாம் முறையும் கூட்டினேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"போர் மோட்டாரு?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"என்னங்?"

"போர் மோட்டார விட்டுட்டியே. தண்ணி இல்லாம பேட் எப்படி நனையும்? அது அஞ்சு ஹெச்.பி."

"அட ஆமாங்! மறந்தே போயிட்டேன் பாருங்" என்றேன்.

பத்து மாதத்தில் ஷெட்டைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. நான் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. போர் மோட்டார் எனக்கு எப்படி விட்டுப்போனதோ தெரியவில்லை.

ராத்திரிக்குப் பணியாரம் சுட்டேன். நாலு சாப்பிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கும் கணக்கில் ஒரு தப்பு வந்தது. எல்லா மோட்டாரையும் கூட்டி, "இருபது கிலோவாட் வருது, அதுக்குச் சரியா ஒரு மெஷின் சொல்லிடலாம்" என்றேன். இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்கா? மோட்டார் ஓடறப்ப இழுக்கறது வேற, கெளம்பறப்ப இழுக்கறது வேற. கெளம்பறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும்."

"அப்படியாங்?"

"ஒரே அடியா எல்லாத்தையும் போட்டா எந்த மெஷினும் மூச்சுத் திணறித்தான் நிக்கும். ஒவ்வொண்ணா எடுக்கோணும். ஒண்ணு கெளம்பி நெதானத்துக்கு வந்தப்புறம் அடுத்தது. அதுக்கு டைமர் இருக்குது. அப்படி எடுத்தா முப்பது கே.வி.ஏ. போதும். இல்லீன்னா அம்பது போட்டாலும் பத்தாது."

பென்சிலைப் பிடுங்கி அவரே எழுத ஆரம்பித்தார். முதல் வரிசையில் நாலு ஃபேன், பிறகு பேட் மோட்டார், பிறகு மிச்ச ஃபேன், கடைசியில் போர். கையெழுத்து முன்னைப்போலவே குண்டு குண்டாக இருந்தது. பாதியில் பென்சில் நின்றது.

"அன்னைக்கு நான் எல்லாத்தையும் ஒரே அடியாப் போட்டுட்டேன், கோகி."

நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். இவர் எழுந்து முகம் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு துண்டால் துடைத்தபடி வந்து, மிச்சத்தை எழுதி முடித்தார்.

மார்ச் 24, திங்கள்

கணக்கைப் பார்த்துவிட்டு ரியாஸ் கேட்டார்: "யாருக்கா எழுதினது? எங்க ஆபீஸ்ல இருந்தா எனக்கு வேலையே மிச்சம்." போனை ஸ்பீக்கரில் போட்டுவைத்திருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஜெனரேட்டர் எங்கே வைப்பது என்பதில் இன்று வீட்டில் மகாபாரதம்.

இடம் பார்க்க ரியாஸ் வந்திருந்தார். சின்னப் பையன்தான், ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். மேற்கே வைக்கக்கூடாது, ஃபேன் தள்ளுகிற இறகும் தூசியும் ரேடியேட்டரை அடைக்கும். கிழக்கே பேட் பக்கம் வைக்கவே கூடாது, புகையை ஷெட் உள்ளே இழுத்துக்கொள்ளும். வடக்கே, ஷெட்டுக்கு நடுவில், பத்தடி தள்ளி வைக்கலாம். காற்றோட்டம் இருக்கிறது, டீசல் வண்டி வந்து நிற்கவும் வழி இருக்கிறது.

"வடக்கயா?" என்றார் மாமா. துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் யாரும் பேச முடியாது. "குபேரன் தலைல கொண்டுபோயி நெருப்ப வெக்கறதா? அக்னி மூலை எதுக்கு இருக்குது? தென்கிழக்குலதான் வெக்கோணும். நெருப்புன்னா அங்கதான்."

"ஐயா, புகை உள்ள போயிரும்ங்க."

"தம்பி, நீங்க மெஷினு விக்கிறவிய. இது என்ர பூமி. போன தடவ மேக்க வெச்சுத்தான் அத்தனையும் போச்சு. அப்பவே நான் சொன்னே."

இவர் முகம் வெளுத்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு வாரமாக நான் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி உட்கார வைத்த மனுஷனை மாமா ஒரே பேச்சில் படுக்கவைத்துவிட்டார். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். இருவரும் மூச்சுவிடாமல் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

காலையில் இவர் குளித்துவிட்டு நேராகத் தென்கிழக்கு மூலைக்குப் போனார். ஷெட்டுக்கு உள்ளே அல்ல, வெளியே மூலைவரைக்கும்தான். ஆனாலும் போனார். ஈரத் தேங்காய் மட்டையும் பச்சை வேப்பந்தழையும் குவித்து வைத்தார். "கோகி, ஃபேனெல்லாம் போடு" என்றார். போட்டேன். "அப்பா, கொஞ்சம் ஷெட்டுக்குள்ள போயி நில்லுங். தண்ணிப் பைப் ஒழுகுதான்னு பாருங்."

மாமா உள்ளே போனதும் குவியலைக் கொளுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அப்புறம் "அடேய்!" என்ற சத்தம். அப்புறம் மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, மேற்குக் கதவு வழியாக வெளியே ஓடிவந்தார். அவர் பின்னாலேயே ஃபேன் வழியாகப் புகை புகையாக வந்தது.

"என்னைக் கொல்லப் பாத்தியாடா லோகநாதா?"

"நீங்க ஓடி வந்துட்டீங்ப்பா. கோழிக்குக் கதவு தொறக்கத் தெரியுமாங்?"

மாமா இருமிக்கொண்டே புகையைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்! கடைசியாக அந்தச் சிரிப்பை எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் திட்டவே இல்லை.

"சரி, வடக்கயே வெய்யி. ஆனா அக்னி மூலைக்கு நான் ஒரு வெளக்கு வெப்பேன். அதுக்கு எவனும் குறுக்க வரப்படாது."

யாரும் குறுக்கே வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

கான்கிரீட் மேடை காய்கிறது. மாமா அதன்மேல் கோழி ஏறாமல் காவல் காக்கிறார். நாட்டுக்கோழி, எங்கள் வீட்டுக்கோழி.

ஏப்ரல் 24, வியாழன்

ஜெனரேட்டர் வந்து இறங்கிவிட்டது. பச்சை நிறம். கிரேன்காரர் மேடையில் பிசகாமல் உட்காரவைத்தார். புகைக்குழாயை மேலே தூக்கி, ஷெட்டுக்கு எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டார்கள். மாமா சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டார். மாலையை ரேடியேட்டர் ஜன்னலை மறைத்துப் போட்டிருந்தார். இவர் போய் அதை எடுத்து அந்தப் பக்கம் மாற்றிவிட்டு வந்தார்.

டீசலைப் பற்றி ரியாஸ் ரொம்ப நேரம் சொன்னார். மெஷினோடு ஒரு டேங்க் இருக்கிறது, அது முழு லோடில் பத்து மணி நேரம் வரும். அதற்குமேல் ஒரு முழு நாளைக்கு ஆகிற டீசல் பேரலில் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் கலக்காத டீசல்.

"முக்கியமா, டேங்க் காலியாகற வரைக்கும் விட்றாதீங்க அண்ணா. ஒரு தடவ லைன்ல காத்து ஏறிருச்சுன்னா, வெறும் டீசல் ஊத்தினா ஸ்டார்ட் ஆகாது. காத்த எடுக்கணும்."

"தெரியுங் தம்பி. டிராக்டர்ல எடுத்திருக்கேன்" என்றார் இவர். ஆனாலும் ஃபில்டர் எங்கே, காற்று எடுக்கிற ஸ்க்ரூ எது, கைப்பம்ப் எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டீசலைப் பார்த்துக்கொள்வது மாமா பொறுப்பு என்று பேசி முடிவானது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெயினை அணைத்துப் பார்த்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறுமிக்கொண்டு தானே கிளம்பியது. முதலில் நாலு ஃபேன், பிறகு பேட், பிறகு மிச்ச ஃபேன். கடைசியில் போர் மோட்டார் எடுத்தபோது மெஷின் ஒரு நொடி முனகி, சமாளித்துக்கொண்டது. மாமா சாமி வந்தவர் மாதிரி கைதட்டினார்.

இவர் மட்டும் ஷெட் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

குஞ்சு இறக்கியாயிற்று. மஞ்சள் மஞ்சளாக, ஷெட் முழுக்கக் கீச்சு கீச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமாகவும் இருக்கிறது.

மே 12, திங்கள்

தீவனம் வந்தது. துணி மூன்று வாளி. மாங்காய் ஊறுகாய் போட்டேன். கரண்ட் இரண்டு முறை போனது, மெஷின் தானே பார்த்துக்கொண்டது. இடுப்பில் சாவி உரசி உரசிக் கன்றிப்போயிருக்கிறது, எண்ணெய் தடவினேன்.

மே 25, ஞாயிறு

உயிரோடு இருக்கின்றன. நாளைக்கு எழுதுகிறேன்.

மே 26, திங்கள்

நேற்று மத்தியானம் சூறைக்காற்று அடித்தது. மழை வரும் என்று பார்த்தால், காற்று மட்டும் வந்து பக்கத்து ஊரில் மரங்களைச் சாய்த்து லைனை அறுத்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். மெஷின் உடனே கிளம்பியது. நான் நிம்மதியாக ஷெட்டுக்குள் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மெஷின் இருமியது. ஃபேன் சத்தம் தேய்ந்தது. நின்றது.

அந்த அமைதி இருக்கிறதே, அதை நான் போன வருஷம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஓடிப்போய்ப் பேரலைத் தட்டினேன். வெறும் பேரல், டங்கென்றது.

விஷயம் இதுதான். முந்தின வாரம் ஒரு மழை பெய்ததும் மாமா உழவு ஓட்ட ஆரம்பித்திருந்தார். பங்க் வரைக்கும் யார் போவது என்று பேரலிலிருந்தே டிராக்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். 'நாளைக்கு நிரப்பிக்கலாம், நாளைக்கு நிரப்பிக்கலாம்' என்று. அடிக்கடி கரண்ட் போனதில் மெஷின் டேங்கும் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டில் எதுவும் அப்படித்தான். இருக்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொள்வோம், எதற்காக வைத்தது என்று பார்க்க மாட்டோம். அவரைச் சொல்லி என்ன, சாமி உண்டியலிலிருந்து நானே பால்காரருக்குச் சில்லறை எடுத்திருக்கிறேன்.

"ஏனுங்! ஏனுங்!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் காற்று வரட்டும் என்று பக்கத்துத் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டேன். உள்ளே கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டன. உட்கார விடக்கூடாது, உட்கார்ந்தால் அடியில் சூடு சேர்ந்துவிடும். கையைத் தட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "எந்திரிங்க, எந்திரிங்க கண்ணுகளா" என்று அழுதுகொண்டே நடந்தேன்.

வெளியே வெறுங்காலோடு இவர் ஓடிவருவது தெரிந்தது. கையில் ஸ்பேனர். அதே நேரம் உழுதுகொண்டிருந்த காட்டுப் பக்கமிருந்து மாமா டிராக்டரை முழு வேகத்தில் விரட்டிக்கொண்டு வந்தார். மெஷின் சத்தம் நின்றது அவருக்கும் கேட்டிருக்கிறது. வேலி ஒன்று போயிற்று, அது போகட்டும்.

"டீசலு! டிராக்டர்ல இருக்குதுடா! உறிஞ்சு!"

"நீங்க உறிஞ்சுங்ப்பா. நான் காத்து எடுக்கோணும்."

மாமா ட்யூபை டேங்கில் விட்டு வாயால் இழுத்தார். முதல் இழுப்பிலேயே வாய் நிறைய டீசல். துப்பிக்கொண்டே மறுபடி இழுத்து, கேனில் பிடித்து, மெஷினுக்கு ஊற்றினார். இவர் முட்டிபோட்டு உட்கார்ந்து ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. அடித்தார். இன்னும் நுரை. நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவர் கை ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. நுரை குறைந்து, கடைசியில் சுத்தமாக டீசல் மட்டும் வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கினார்.

"கோகி! வந்து ஸ்டார்ட் குடு!"

கொடுத்தேன். இழுத்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது பாருங்கள், அந்த மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கையால் கிளப்பினால் டைமர் வேலை செய்யாது, ஸ்விட்சை நாமே போட வேண்டும். என் கை தானாக எல்லா ஸ்விட்சையும் தேடிப் போனது. "தொடாதே!" என்று கத்தினார். பேனல் முன்னால் வந்து நின்றார்.

"நாலு ஃபேன். விடு, நெதானத்துக்கு வரட்டும். இப்பப் பேட்டு. பொறு. பொறு புள்ள. இப்ப மிச்ச ஃபேன்."

ஒவ்வொன்றாக எழுந்தது காற்று. என் முந்தானை பறந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங், முடிஞ்சுதாங்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கரி. "போர் மோட்டாரு? அதை எப்பவும் நீ மறந்துருவயே" என்றார்.

கடைசி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசலில் நிற்கவில்லை, நேராக ஷெட்டுக்கு உள்ளே நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். செத்ததைக் கை விரலில் எண்ணிவிடலாம். நானும் பின்னாலேயே போனேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது, அடக்கவில்லை.

மாமா வெளியே டிராக்டர் சக்கரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "என்ர புத்தியச் செருப்பால அடிக்கோணும்." இவர் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"வாய் கொப்புளிங்ப்பா. டீசலு விக்கிற வெலைக்கு வயித்துக்குள்ள போயிருச்சுன்னா நட்டம்."

மாமா கொப்புளித்துவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காபி போடப் போனேன். கரண்ட் இன்று காலையில்தான் வந்தது. அதுவரை, ராத்திரியில் மாமா இரண்டு தடவை கேனில் வாங்கி வந்த டீசலில் மெஷின் ஓடியது.

மே 27, செவ்வாய்

மாமாவே பங்குக்குப் போய் பேரலில் டீசல் வாங்குகிற அனுமதிச் சீட்டைக் காட்டி நிரப்பிக்கொண்டு வந்தார். டிராக்டருக்குத் தனியாக வேறு கேன்.

ஜூன் 9, திங்கள்

நேற்று லாரி வந்து கோழி பிடித்துக்கொண்டு போயிற்று. எடையைப் பார்த்துவிட்டு அருள்மணி, "இந்த வட்டாரத்துலயே உங்க பேட்ச்தான் அண்ணா முதல்" என்றார். நாலு பண்ணைக்காரர்களைக் கூட்டிவந்து மெஷினைக் காட்டட்டுமா என்று கேட்டார். அன்றைக்கு வாசலில் நின்று சத்தமாகப் பேசிய அதே ஆள்தான். இன்றைக்கு நான் அவருக்குக் காபியோடு முறுக்கும் வைத்தேன். நான் கெட்டிக்காரி, எனக்குப் பகை கிடையாது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். இவர் அரை மணி நேரத்துக்கு மேல் நின்று சொன்னார். எந்த மோட்டார் முதலில், எது கடைசியில், ஏன் வடக்கே, டீசல் எவ்வளவு. ஒருவர் கேட்டார், "எதை மறந்தாலும் எதை மறக்கக்கூடாதுங்?" இவர் என் பக்கம் திரும்பினார்.

"போர் மோட்டார. என்ர வீட்டுக்காரி பி.எஸ்சி. கணக்கு. அவளே மறந்துட்டான்னா பாத்துக்குங்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "நெசமாலுமே மறந்தயா, கோகி?"

"ஆமாங்" என்றேன்.

"சரி" என்றார். தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார்.

மாமா டீசல் பேரலுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டு, சாவியை என்னிடம் நீட்டினார். "இதை நீயே வெச்சுக்க அம்மிணி. நான் கேட்டாலும் குடுக்காதே." வாங்கி இடுப்பில் செருகினேன். அங்கே ஏற்கெனவே இருந்த மருந்து ரூம் சாவியை எடுத்து, சமையலறைக் கதவோர ஆணியில், எல்லாச் சாவியோடும் மாட்டிவிட்டேன்.

மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எலி போயிருச்சா, அம்மிணி?"

"போயிருச்சுங் மாமா."